மாதவிடாய் ஒற்றைத் தலைவலிக்குப் புது மருந்துச் சோதனை: கையெழுத்துப் போடும் முன் நம் பெண்கள் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் மருந்துச் சோதனைகளுக்கு ஒருங்கிணைப்பாளராகச் சில வருடம் வேலை பார்த்தவள் நான். மருத்துவர் இல்லை. மருத்துவர் வந்து ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு "ஏதாவது சந்தேகம் உண்டா?" என்று கேட்கும்போது நம் பெண்கள் இல்லை என்று தலையாட்டிவிட்டு, அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் "அக்கா, உண்மையைச் சொல்லுங்க, இதுல என்னதான் பண்ணுவாங்க?" என்று ஆரம்பிப்பார்கள். அப்படி வந்த கேள்விகள்தான் இவை. ஒரு குறிப்பிட்ட சோதனைக்கு ஆள் பிடிக்க இதை எழுதவில்லை. எந்தச் சோதனைக்கு உங்களைக் கூப்பிட்டாலும் தெரிந்திருக்க வேண்டியதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

பீரியட்ஸ் சமயத்தில் வரும் தலைவலி எல்லாமே ஒற்றைத் தலைவலியா?

இல்லை. ஒற்றைத் தலைவலி என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும், மாடிப்படி ஏறினால் கூடும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் போதும் என்று இருக்கும். அது மாதவிடாயோடு சேர்ந்ததா என்பதற்கு மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ரத்தப்போக்கு தொடங்கும் நாள் முதல் நாள். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரை, ஆக ஐந்து நாள். மூன்று சுழற்சிகளில் குறைந்தது இரண்டில் இந்த ஐந்து நாளுக்குள் வலி வந்திருக்க வேண்டும். இந்த நாட்களில் மட்டும் வந்தால் ஒரு வகை, மற்ற நாட்களிலும் வந்தால் இன்னொரு வகை. பூஜ்யம் என்று ஒரு நாள் இந்தக் கணக்கில் கிடையாது, மைனஸ் ஒன்றுக்கு அடுத்தது நேராக ஒன்று. நாட்குறிப்பை நிரப்பும்போது பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான்.

மூன்றாம் நாள் தலைக்குக் குளித்ததால்தான் தலை வலிக்கிறது என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், நானும் கேட்டு வளர்ந்தவள்தான். அந்த மூன்றாம் நாள் மேலே சொன்ன ஐந்து நாளுக்குள்ளேயே விழுகிறது, பாருங்கள். தண்ணீர் மேல் பழியைப் போடுவதற்கு முன் தேதியைப் பார்க்க வேண்டும். குளித்த நாளையும் நாட்குறிப்பில் எழுதுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஏன் அந்த நாட்களில் மட்டும் இப்படிப் போட்டு வாட்டுகிறது?

மாதவிடாய்க்குச் சற்று முன் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சரசரவென்று இறங்குகிறது. 1972-இல் பிரையன் சோமர்வில் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் ஒரு சின்ன, அழகான சோதனை செய்து பார்த்தார். மாதவிடாய்க்கு முன் சில பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டார். மாதவிடாய் வழக்கமான நாளில் வந்தது, தலைவலி மட்டும் தள்ளிப்போனது. புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தபோது ரத்தப்போக்கு தள்ளிப்போனது, தலைவலியோ பெரும்பாலும் தன் நாளில் வந்து உட்கார்ந்துகொண்டது. ரத்தப்போக்கு வலியைக் கிளப்பவில்லை, ஹார்மோன் இறங்குவதுதான் கிளப்புகிறது என்ற எண்ணம் அப்படி வலுப்பட்டது. வயிற்று வலிக்குக் காரணமான புரோஸ்டாகிளாண்டின்களுக்கும் இதில் பங்கு உண்டு என்கிறார்கள். மற்ற நாட்களில் வருவதைவிட இந்த வலி நீண்டு நிற்கும், போனது போல் போய்த் திரும்பி வரும். "ரொம்ப பாவ்லா பண்றா" என்று சொல்லும் வீட்டாருக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

பனடோல், பொன்ஸ்டான் எல்லாம் இருக்கிறதே, புதிது எதற்கு?

சிலருக்கு அதுவே போதும், அவர்கள் பாக்கியசாலிகள். பொன்ஸ்டானும் நேப்ராக்ஸனும் புரோஸ்டாகிளாண்டினைக் குறைப்பவை என்பதால் இந்த நாட்களில் உண்மையாகவே உதவும், வயிற்றுப் புண், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மட்டும் ஒத்துவராமல் போகலாம். அதற்கு அடுத்தது டிரிப்டான் வகை, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள மருந்து, மருத்துவர் எழுதித் தர வேண்டும், இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். அப்புறம் இன்னொரு சிக்கல்: மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை, அல்லது 10 நாளோ அதற்கு மேலோ டிரிப்டான் என்று மூன்று மாதத்துக்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். கைப்பையில் பனடோல் அட்டை இல்லாமல் எம்ஆர்டி ரயில் ஏறாத பெண்களை எனக்குத் தெரியும். எத்தனை நாள் சாப்பிடுகிறோம் என்று எண்ணிப் பார்த்தவர்கள் அவர்களில் குறைவு.

புதிய மருந்துகள் பலவும் குறிவைப்பது சிஜிஆர்பி என்ற புரதத் துணுக்கை. ஒற்றைத் தலைவலியின்போது முகத்துக்கும் தலைக்கும் போகும் நரம்பிலிருந்து இது வெளியாகிறது. இதைத் தடுக்கும் ஊசிகளில் முதலாவதான எரெனுமாப் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ரிமெஜிபன்ட் மாத்திரை 2020-இல். இவற்றைப் பொதுவான ஒற்றைத் தலைவலிக்குத்தான் முதலில் சோதித்தார்கள். மாதவிடாய் நாட்களில் எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சோதனையில் என்னதான் செய்வார்கள்?

முதலில் ஒன்றும் செய்ய மாட்டார்கள். நாட்குறிப்பைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மாத்திரையோடு திரும்பப் போகிறோம் என்று வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம் இதுதான். இந்த ஒற்றைத் தலைவலிக்குத் தேதி உண்டு, அதுதான் சோதிப்பவர்களுக்கு வரம், சாபமும் அதுவே. வரம் ஏனென்றால் வலி எப்போது வரும் என்று ஓரளவு முன்கூட்டியே தெரியும், வருமுன் மருந்து கொடுத்துப் பார்க்கலாம். சாபம் ஏனென்றால் மாதம் ஒரு முறைதான் வாய்ப்பு. மூன்று மாதம் நாட்குறிப்பு, அப்புறம் மூன்று மாதம் மருந்து என்றால் அரை வருடம் போய்விடும். நடுவில் ஒரு மாதம் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டு எழுத மறந்தால் அந்தச் சுழற்சி வீண்.

மாத்திரை இரண்டு விதமாகக் கொடுக்கப்படும். வலி வந்த பிறகு எடுப்பது ஒன்று. வலி நடுத்தரமாகவோ கடுமையாகவோ ஆனதும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்து வலி போயிற்றா என்று குறிக்க வேண்டும். வலிக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். உங்களை அதிகம் படுத்துவது குமட்டலா வெளிச்சமா சத்தமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், அது அடங்கியதா என்றும் பார்ப்பார்கள். அந்த இரண்டு மணி நேரம் வேறு வலி மாத்திரை தொடக்கூடாது. அதுதான் கஷ்டம். அதற்கப்புறம் வழக்கமான மருந்தில் எதைப் போட்டுக்கொள்ளலாம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

இன்னொன்று வருமுன் காப்பது. இதற்கு நல்ல உதாரணம் ஃப்ரோவாடிரிப்டான். மற்ற டிரிப்டான்களைவிட இது உடம்பில் அதிக நேரம் தங்கும், பாதியாகக் குறையவே ஏறக்குறைய 26 மணி நேரம் ஆகும். 2004-இல் வெளியான சோதனையில் 546 பெண்கள், வலி வரும் என்று எதிர்பார்த்த நாளுக்கு இரண்டு நாள் முன்பே தொடங்கி ஆறு நாள் மாத்திரை எடுத்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு மாதம் உள்ளே மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, ஒரு மாதம் தினம் ஒரு வேளை மருந்து, ஒரு மாதம் இரண்டு வேளை மருந்து, எது எப்போது என்று தெரியாமல். வெறும் மாத்திரை மாதங்களில் 67 சதவீதத்துக்குத் தலைவலி வந்தது, ஒரு வேளையில் 52, இரண்டு வேளையில் 41. ஒரே பெண்ணை அவளோடேயே ஒப்பிடுகிறார்கள் என்பதுதான் இந்த முறையின் நயம். ஆனால் நாளைத் தப்பாகக் கணித்தால், மாதவிடாய் நான்கு நாள் முந்திவிட்டால், எல்லாம் போச்சு. அதனால்தான் சுழற்சி ஒழுங்காக இல்லாதவர்களை இந்த வகைச் சோதனையில் எடுக்கத் தயங்குகிறார்கள்.

எனக்கு வெறும் மாத்திரை விழுந்தால்? ஏமாற்றுவது போல் இருக்கிறதே.

வெறும் மாத்திரை கிடைக்கலாம் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே சொல்லியாக வேண்டும், எனவே ஏமாற்று இல்லை. யாருக்கு எது என்பது திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்ப்பது மாதிரிதான், சீட்டை எடுப்பது கணினி. மருத்துவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "அக்கா, உங்களுக்குத் தெரியும், சும்மா சொல்லுங்க" என்று என்னிடம் கெஞ்சிய பெண்கள் எத்தனையோ பேர், என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பார்கள். முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் எங்களிடமே மறைக்கிறார்கள். அவசரம் என்றால் உறையைப் பிரித்துப் பார்ப்பது போல் பார்த்துச் சொல்ல வழி உண்டு.

இது ஏன் தேவை என்றால், மேலே சொன்ன எண்ணையே திரும்பப் பாருங்கள். வெறும் மாத்திரை எடுத்த மாதங்களிலும் மூன்றில் ஒரு பங்கு வலி இல்லாமல் கழிந்திருக்கிறது. ஒப்பிட ஆள் இல்லாமல் சோதித்திருந்தால் அந்த ஒரு பங்கும் மருந்தின் கணக்கில் போயிருக்கும்.

பக்கவிளைவு வந்தால்? எங்களை எலி ஆக்குகிறார்களா?

பயப்பட வேண்டிய விஷயத்துக்குப் பயப்படத்தான் வேண்டும், அதனால் ஒரு கதை சொல்கிறேன். டெல்காஜிபன்ட் என்று ஒரு மாத்திரை, மெர்க் நிறுவனத்துடையது, சிஜிஆர்பியைத் தடுக்கும் மாத்திரைகளில் முன்னோடி. வலி வந்த பிறகு எடுத்தால் நன்றாகவே வேலை செய்தது. தினமும் எடுத்துத் தடுக்கலாமா என்று சோதித்தபோது சிலருக்குக் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் ஏறின, 2009-இல் அந்தச் சோதனையை நிறுத்தினார்கள். தினமும் வேண்டாம், மாதவிடாயை ஒட்டி ஏழு நாள் மட்டும் கொடுத்துப் பார்ப்போம் என்று நம் தலைவலிக்காரப் பெண்களிடம் தனிச் சோதனையும் நடந்தது. கடைசியில் 2011-இல் மருந்தையே கைவிட்டார்கள். கடைக்கு வராமலே போன மருந்து அது, வராமல் போனதற்குக் காரணம் ரத்தப் பரிசோதனை. வருகைக்கு வருகை ஏன் இத்தனை குழாய் ரத்தம் என்று அலுத்துக்கொள்ளும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்களைக் கூப்பிடுவது மூன்றாம் கட்டமா இரண்டாம் கட்டமா என்று கேளுங்கள். முதல் கட்டத்தில் கொஞ்சம் பேரிடம் பாதுகாப்பையும் அளவையும் பார்த்திருப்பார்கள், இரண்டாவதில் வேலை செய்கிறதா என்று, மூன்றாவதில் நிறையப் பேரிடம். இதுவரை என்னென்ன விளைவுகள் வந்தன என்பது உங்களிடம் தரும் தாளில் இருக்க வேண்டும். பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு என்பதும்தான். அந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எதற்குக் கர்ப்பப் பரிசோதனை?

எல்லாருக்கும் உண்டு. கல்யாணம் ஆனவர், ஆகாதவர், கணவர் கப்பலில் வேலை பார்ப்பவர், யாராக இருந்தாலும் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. புது மருந்து கருவை என்ன செய்யும் என்று அந்தக் கட்டத்தில் தெரிந்திருக்காது, அதனால் சந்தேகத்துக்கு இடம் வைக்க மாட்டார்கள். கருத்தடை முறை என்ன என்றும் கேட்பார்கள். அம்மாவோடு வந்திருந்த ஒரு கல்லூரிப் பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதும் அம்மா எழுந்தே விட்டார், "வா போலாம்" என்று. அதன் பிறகு இந்தப் பகுதியைத் தனியறையில் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். தனியாகக் கேளுங்கள் என்று நீங்களே சொல்லலாம். 21 வயதுக்குள் இருந்து, திருமணமும் ஆகவில்லை என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டியிருக்கும், அதனால் அம்மாவை முழுக்க வெளியே வைக்கவும் முடியாது.

தைப்பூசத்துக்கு மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை எடுக்கலாமா?

கேட்காமல் எடுக்காதீர்கள். பால்குடம், தீமிதி, வீட்டு விசேஷம் என்று நோரெதிஸ்டிரோன் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது நம்மிடையே சர்வ சாதாரணம். அது ஹார்மோன். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் ரத்தப்போக்கு வரும், ஆனால் அது உங்கள் சொந்தத் தேதி இல்லை. தேதியை வைத்தே ஓடும் சோதனையில் தேதியை நகர்த்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், கோயில் விஷயத்தை ஒரு சீன மருத்துவரிடம் எப்படி விளக்குவது என்று கூச்சம். இங்கேயே வளர்ந்த மருத்துவர்களுக்குத் தைப்பூசம் தெரியும். சேரும்போதே வருடத்தின் முக்கிய நாட்களைச் சொல்லிவிட்டால் அந்த மாதத்தை ஒதுக்க முடியுமா என்று பார்ப்பார்கள்.

கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும் சொல்ல வேண்டும். வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடு, வளைந்து வளைந்து ஒளி வருபவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும். சோதனையில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இதை மருத்துவரிடம் பேசுங்கள்.

விரதம், நோன்பு?

பட்டினியே பலருக்கு வலியைக் கிளப்பும். நோன்பு மாதத்தில் மாதவிடாய் நாட்களில் நோன்பு இல்லை, சரி, ஆனால் வருமுன் காக்கும் மாத்திரையை இரண்டு நாள் முன்பே தொடங்க வேண்டுமே, அப்போது நோன்பில் இருப்பீர்கள். சஹரிலும் நோன்பு திறந்த பிறகும் எடுத்தால் போதுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

கோடாலித் தைலம், சுக்குப் பற்று, நாட்டு மருந்து?

தைலமும் பற்றும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, தடவிய நேரத்தை எழுதினால் போதும். உள்ளுக்குச் சாப்பிடும் சூரணம், லேகியம், ஊரிலிருந்து அத்தை அனுப்பிய பெயரில்லாத மாத்திரை எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். புது மருந்தும் அதுவும் சேர்ந்து கல்லீரலில் என்ன செய்யும் என்று யாராலும் ஊகிக்க முடியாது. சைவம் என்றால் கேப்ஸ்யூல் மாத்திரையின் கூட்டில் ஜெலட்டின் இருக்கிறதா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

யார் இதையெல்லாம் கண்காணிக்கிறார்கள்? எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது.

சிங்கப்பூரில் புது மருந்துச் சோதனை தொடங்கச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதியும், மருத்துவமனை சார்ந்த நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் நடத்த முடியாது. அனுமதி பெற்ற சோதனைகளின் பட்டியலை ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடலாம். சேர்வதற்குப் பணம் கட்டச் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மொழி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்களுக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டியது அவர்கள் கடமை. தமிழில் மொழிபெயர்த்த தாள் கேளுங்கள். உண்மையைச் சொன்னால் அந்தத் தாள்களின் தமிழ் சில சமயம் ஆங்கிலத்தைவிடக் கடினம், "சீரற்ற ஒதுக்கீட்டுக்கு உட்படுத்தப்படுவீர்கள்" என்றால் யாருக்குப் புரியும்? திருவுளச்சீட்டு என்றால் பாட்டிக்கும் புரியும். படிக்க வராதவர் என்றால் சோதனையோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் கூட இருக்க வேண்டும். அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்து, உங்கள் குடும்ப மருத்துவரிடமும் காட்டலாம்.

காசு கிடைக்குமா? லீவு?

போக்குவரத்துக்கும் நேரத்துக்கும் ஒரு தொகை தருவார்கள், சம்பாதிக்கிற அளவுக்கு இல்லை, அப்படி இருக்கவும் கூடாது. ஆய்வு மருந்துக்கும் அதற்கான பரிசோதனைகளுக்கும் உங்களிடம் பணம் கேட்கிறார்களா என்று தாளில் பாருங்கள். லீவுதான் பிரச்சினை: சோதனைக்கு வருவது நோய் இல்லை, எம்சி என்ற மருத்துவ விடுப்புச் சான்று கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். காலையில் சீக்கிரம் ஒரு நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போன பெண்கள் நிறைய.

நடுவில் விலகலாமா?

எப்போது வேண்டுமானாலும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது. ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டு விலகுங்கள், ஏனென்றால் கடைசியாக ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க விரும்புவார்கள், அது உங்கள் நன்மைக்கு. போனை எடுக்காமல் மறைந்துபோகிறவர்களைப் பற்றித்தான் எனக்கு ராத்திரித் தூக்கம் வராது.

எப்போது சோதனையை மறந்துவிட்டு 995-ஐ அழைக்க வேண்டும்?

வாழ்நாளில் வராத அளவு வலி ஒரே நொடியில் இடி மாதிரி இறங்கினால், கை கால் மரத்தோ தளர்ந்தோ போனால், வாய் குழறினால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால். பீரியட்ஸ் நாள்தானே என்று காத்திருக்காதீர்கள். ஆம்புலன்சில் வருபவர்களிடம் சோதனை மருந்து எடுப்பதைச் சொல்லுங்கள், சோதனைக் குழு கொடுத்த அட்டை பர்சிலேயே இருக்கட்டும்.

முடிந்த பிறகு அந்த மாத்திரை எனக்குத் தொடர்ந்து கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. சில சோதனைகளில் எல்லாருக்கும் உண்மையான மருந்தே தரும் ஒரு நீட்டிப்புக் காலம் இருக்கும், சேரும்போதே கேளுங்கள். உங்களுக்கு விழுந்தது மருந்தா வெறும் மாத்திரையா என்பது எல்லா நாட்டு ஆட்களும் முடித்து, கணக்குப் போட்டு முடிக்கும்வரை தெரியாது, அதற்கு வருடங்கள் ஆகலாம். நன்றாக வேலை செய்தது என்று அழுதுகொண்டே கடைசி நாள் வந்த ஒரு பெண்ணிடம் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. அவள் உட்கார்ந்து மிச்ச மாத்திரைகளை என்னோடு சேர்ந்து எண்ணினாள், ஆறு இருந்தது, திருப்பி வாங்கிக்கொண்டேன். ஆமாம், மிச்சத்தையும் காலி அட்டைகளையும் திருப்பித் தர வேண்டும். குப்பையில் போட்டுவிடாதீர்கள், தலை வலிக்கும் தங்கச்சிக்கும் கொடுத்துவிடாதீர்கள்.